வேம்பைத் தறித்த வளவில் ரோடோடென்ட்ரன்

அன்புள்ள தம்பி,

நீங்கள் மரங்களைப் பற்றி எழுதுவதை விடாமல் வாசிக்கிறேன். மாவட்டக் கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று உவர்மலையில் இருப்பவள் நான். இந்தச் சித்திரையில் மகளிடம் லண்டன் போயிருந்தேன். ரிச்மண்ட் பார்க்கில் இசபெல்லா பிளான்டேஷன் என்ற தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். பெரிய மரங்களுக்குக் கீழே, ஓடைக்கரை முழுக்க ரோடோடென்ட்ரனும் அசேலியாவும் பூத்துக் கிடந்தன. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. நமக்கு ஏன் இப்படி ஒன்றும் இல்லை? திருகோணமலையில் வசந்தம் என்றால் வெயில்தானே. வீட்டு முன்னால் நின்ற வேம்பும் இலை கொட்டிக் கூட்டி மாளவில்லை என்று தறித்து, முற்றத்துக்கு இன்டர்லொக் கல் பதித்துவிட்டோம். அதில் பெரிய சாடி வைத்து இந்தச் செடியை வளர்க்கலாமா? மகள் வரும்போது கன்று கொண்டுவருகிறேன் என்கிறாள். நம் நாட்டிலும் இது உண்டாமே, எப்போது போனால் பார்க்கலாம்? மார்கழியில் ஹோட்டன் சமவெளிக்குப் போனபோது ஒன்றையும் காணவில்லை. இன்னொன்று, இதெல்லாம் வெள்ளைக்காரன் நம் பக்கத்திலிருந்து அள்ளிக்கொண்டு போனதுதானே?

— ஒரு வாசகி, திருகோணமலை

அன்புள்ள அக்கா,

சருகைப் பற்றி எழுதவேண்டும் என்று கொஞ்ச நாளாக மனதில் கிடந்தது. உங்கள் கடிதம் வந்து கையில் தடியை எடுத்துக் கொடுத்துவிட்டது. பிறகு கோபிக்கக் கூடாது.

கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். வளர்க்க முடியாது. கன்றும் கொண்டுவரச் சொல்லாதீர்கள். அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் பறிப்பார்கள், பறிக்கத்தான் வேண்டும். பைட்டோப்தோரா ராமோரம் என்று ஒரு கிருமி 2009 இல் தென்மேற்கு இங்கிலாந்தின் லார்ச் மரத் தோப்புகளில் இறங்கி, தோப்புத் தோப்பாக வெட்ட வைத்தது. அது ரோடோடென்ட்ரன் இலையிலும் தங்கிப் பெருகும். பாசத்தில் பெட்டிக்குள் சுற்றி வைத்த கன்றில் அதுவும் சேர்ந்து வரலாம்.

நம் நாட்டில் இருப்பதைச் சிங்களத்தில் மஹ ரத்மல் என்பார்கள். இமயமலையில் பூக்கும் ரோடோடென்ட்ரன் ஆர்போரியத்தின் கிளையினம்தான். சித்திரை, வைகாசிப் பக்கம் பட்டிப்பொல வழியாக ஹோட்டன் சமவெளிக்கு ஏறுங்கள். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே, குளிரும் பனிமூட்டமும் உள்ள இடம். இது செடி அல்ல, மரம். தடித்து வெடித்த பட்டை, முறுகிய கிளை. கீழே விழுந்து கிடக்கும் இலையை எடுத்துத் திருப்பிப் பாருங்கள், அடிப்புறம் துரு நிறத்தில் மெல்லிய மயிர் படிந்திருக்கும். பூ இல்லாத மாதத்திலும் ஆளைப் பிடித்துவிடலாம். மார்கழியில் அந்த மரங்களைக் கடந்துதான் நடந்திருப்பீர்கள். பூ இல்லை என்றதும் உங்கள் கண்ணுக்கு மரமும் இல்லாமல் போய்விட்டது.

வெள்ளைக்காரன் அள்ளிக்கொண்டு போனதா? இமயமலையில் செடி சேகரித்த ஹூக்கர் என்ற தாவரவியலாளர் 1849 இல் சிக்கிமில் சிறைப்பட்ட கதையெல்லாம் இருக்கிறது, இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். ஓடைக்கரையில் நீங்கள் பார்த்த குருமே அசேலியாக்கள் வில்சன் என்ற செடி சேகரிப்பாளர் மூலம் ஜப்பானிலிருந்து போனவை. ஜப்பானும் நம் பக்கமா?

சரி, இப்போது வேம்பு. கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிப்போய்விட்டீர்கள். எனக்கு அதைத் தாண்ட முடியவில்லை.

நீங்கள் அழுத அந்தத் தோட்டத்தில் முதலில் வந்தது பூ அல்ல அக்கா. 1831 இல் சிட்மத் பிரபு என்பவர் 42 ஏக்கரை வேலியடைத்து ஓக், பீச், செஸ்நட் மரங்களை நட்டார். அழகுக்காக அல்ல, வெட்டி விற்கும் மரத்தடிக்காக. அதைப் பூந்தோட்டமாக மாற்றும் வேலை நடந்தது 1950களை ஒட்டித்தான். மண்டிக் கிடந்த பொன்டிகம் என்ற முரட்டு ரோடோடென்ட்ரனை வெட்டி அகற்றிவிட்டு வேறு வகைகளை வைத்தார்கள். 1953 இல் சனங்களுக்குத் திறந்தார்கள். நூற்றிருபது வருடம் அந்த மரங்கள் இலை கொட்டின, கொட்டிய இலை அங்கேயே மக்கியது. அதற்குப் பிறகு வந்த பூவைத்தான் உங்கள் மகள் காட்டினாள். நீங்கள் பூவைப் பார்த்தீர்கள். ஒருமுறை அண்ணாந்து பார்த்தீர்களா? ஒருமுறை குனிந்து தரையைப் பார்த்தீர்களா?

ரோடோடென்ட்ரனின் வேர் மயிர்போல் மெலிந்தது. ஆழமாகப் போகாது, மேல்மண்ணிலேயே படர்ந்து கிடக்கும். அந்த வேரோடு ஒட்டி வாழும் ஒரு பூஞ்சணம் மக்கிய இலையிலிருந்து சத்தைப் பிரித்து அதற்குக் கொடுக்கிறது. சருகு போர்த்தியிருந்தால் மண் ஈரமாகவும் குளிராகவும் இருக்கும், அதற்கு வேண்டிய புளிப்பும், அதாவது அமிலத்தன்மையும், குறையாது. மேலே பெரிய மரம் நின்றால் வெயில் சல்லடையாக இறங்கும், காற்று அடங்கி வரும். சருகை வாரி, மரத்தையும் வெட்டிப் பாருங்கள், அந்த ஓடைக்கரையில் ஒன்றும் நிற்காது. இன்டர்லொக் கல்லின் மேல் சாடியில், ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது அந்த வேர் என்ன பாடுபடும்? கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு இருந்தால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

சருகென்றால் நமக்கு ஊத்தை. காலையில் எழும்பி முற்றம் கூட்டாத வீட்டைச் சனம் ஒரு மாதிரித்தான் பார்க்கும். எங்கள் அம்மம்மாவும் விடியப்புறம் ஈர்க்குமாற்றோடுதான் நிற்பார். கூட்டிய கோடு மண்ணில் வரிவரியாகத் தெரியவேண்டும், அதன் மேல் யாராவது நடந்தால் ஏச்சு விழும். ஆனால் அவர் கூட்டியது முன்முற்றத்தை மட்டும். கூட்டிய சருகு முழுவதும் கடகத்தில் கோடிப்புறத்துக்குப் போகும், வாழைக்கும் மகிழமரத்துக்கும் அடியில் கொட்டுவார். நெருப்பு வைக்க விடமாட்டார். உட்துறைமுகப் பக்கம் தூண்டில் போடப் போகிற பொடியன்கள் நாங்கள் மண்புழு எடுக்க அங்கேதான் போவோம். மேல் சருகு மொரமொரவென்று சுடும். கையை முழங்கை வரை விட்டால் உள்ளே குளிரும். கறுத்த மண், நகத்துக்குள் ஏறினால் சோறு தின்னும்போதும் மணக்கும். ஊரே காய்ந்து கிடக்கிற ஆவணியிலும் அந்த மண் காய்ந்ததில்லை.

பாம்பு வரும், தேள் வரும் என்பீர்கள். வரும். வாசலில் குவிக்கச் சொல்லவில்லை, மதிலோரம் மரத்தடியில் போடுங்கள். டெங்கு என்பீர்கள். அந்த நுளம்பு பெருகுவது தேங்கி நிற்கும் தண்ணீரில். உங்கள் பூச்சாடியின் அடித்தட்டில் நிற்பதும் அதே தண்ணீர்தான். இப்போது வளவுக்கு வளவு சருகைக் கறுப்புப் பொலித்தீன் பையில் கட்டித் தெருவில் வைக்கிறார்கள். பிறகு கடைக்குப் போய்க் காசு கொடுத்துக் கொம்போஸ்ட் வாங்கி வருகிறார்கள். இதில் படித்தவர், படிக்காதவர் வித்தியாசமே இல்லை.

இன்னொரு ஆத்திரம். திருகோணமலையில் வசந்தம் இல்லை என்று எழுதிவிட்டீர்கள். மாசியில் உங்கள் வேம்பு இலையைக் கொட்டும், பங்குனியில் செந்தளிர் விடும், சித்திரையில் பூக்கும். பூ சிறிது, வெள்ளை, அண்ணாந்தால் சரியாகத் தெரியாது. ஆனால் இரவில் படுக்கை வரைக்கும் வாசம் வரும், விடிந்தால் முற்றமெல்லாம் விழுந்து கிடக்கும். நீங்கள் அதையும் குப்பை என்று கூட்டித் தள்ளியிருப்பீர்கள். இனி வேப்பம்பூ வடகத்தைக் கடையில் வாங்கவேண்டியதுதான்.

கண்ணீர் வந்தது என்று எழுதினீர்களே, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு பூவுக்கு முன்னால் போய் நின்று அழ எல்லாருக்கும் வராது. அப்படி ஒரு மனம் இருக்கிற ஆள், வேம்புக்குக் கத்தி வைக்கும்போது எங்கே போயிருந்தீர்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

மகள் வரும்போது கன்று வேண்டாம், ஹோட்டன் சமவெளிக்குக் கூட்டிப்போங்கள். வாசலிலேயே பையைச் சோதித்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், சாப்பாட்டை டப்பாவில் கட்டுங்கள். அதற்கு முன், ஐப்பசி மழை தொடங்குகிற நேரமாகப் பார்த்து மதிலோரம் ஒரு பாய் அகலத்துக்குக் கல்லைக் கிளப்புங்கள். கீழே இறுக்கிய மணலையும் கிண்டி எடுக்கவேண்டும், மேசன் வேண்டாம் என்று சொன்னாலும் கேட்காதீர்கள். வேப்பங்கன்று என் வளவில் தானாக முளைத்து நிற்கிறது. பேரனை ஒரு பின்னேரம் அனுப்புங்கள், சருகும் ஒரு சாக்கு கட்டித் தருகிறேன்.

அன்புடன்,
தம்பி