காசல்பாருக்கு வர்றீங்களா? முதல்ல ஒரு ரேடியோ வாங்குங்க

தம்பி, உங்க வீட்டம்மாவுக்கு அயர்லாந்துல, மேயோ கவுண்டி காசல்பார் ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை கிடைச்சிருக்கு. "சுத்தப் பட்டிக்காடாமே அக்கா, டப்ளின்லயே வேற வேலை தேடலாமா?"ன்னு கேட்டிருக்கீங்க. பட்டிக்காடுதான். 1841-ல 3,88,000 பேருக்கு மேல இருந்த கவுண்டி இது. பஞ்சமும் கப்பலேறினதும் போக, 2022 கணக்குல 1,38,000 கூட இல்ல. வழியெல்லாம் கூரை போன கல்வீடு பார்ப்பீங்க. ஆனா நான் பதினோரு வருஷமா இங்கதான் இருக்கேன், போற எண்ணம் இல்ல.

வந்ததும் ரேடியோ வாங்கி உள்ளூர் மிட்வெஸ்ட் ரேடியோவை வைங்க. தினமும் சாவு அறிவிப்பு வாசிப்பாங்க. நான் முதல்ல கேட்டப்ப அடுப்புல இட்லி வெந்துட்டிருந்துச்சு. ஒருத்தர் நிதானமா செத்தவங்க பேரு, ஊரு, எத்தனை மணிவரைக்கும் வீட்ல வெச்சிருப்பாங்க, எந்த சர்ச்சுன்னு அடுக்கிட்டே போறார். வயித்தைக் கலக்கிடுச்சு. மூணாவது வாரம் அதுல எங்க பக்கத்து வீட்டுப் பாட்டி பேரு வந்துச்சு.

போகலாமா வேண்டாமான்னு தயங்கித்தான் போனோம். மழைக்குள்ள மஞ்சள் சட்டை மாட்டின பையன் ஒருத்தன் காரையெல்லாம் வயல்ல நிறுத்த வழிகாட்டுறான். முன்னறையில சவப்பெட்டி திறந்திருக்கு. வரிசையா போய் உறவுக்காரங்க கையைக் குலுக்கி ஒரு வார்த்தை சொல்லிட்டு நகர்ந்தா, சமையலறையில டீயும் சாண்ட்விச்சும். வேண்டாம்னா விட மாட்டாங்க. நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போகணும்னு நம்ம ஊர்ல சொல்றது இங்க அப்படியே பொருந்தும்.

அதுவரைக்கும் பேரைப் பதியப் போன மூணு குடும்ப டாக்டர்கிட்டயும் "பட்டியல் நிரம்பிடுச்சு"ன்னு திருப்பி அனுப்பியிருந்தாங்க. அன்னிக்கு டீ குடிக்கும்போது பேச்சு வாக்குல சொன்னேன். மறுவாரம் நாலாவது டாக்டர் கிளினிக்கிலேர்ந்து, சேர்த்துக்கறோம்னு போன் வந்துச்சு. யார் சொன்னாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. கிராமத்துல தண்ணி கூட பல இடத்துல ஊர்க்காரங்களே சேர்ந்து நடத்துற குழாய்த் திட்டத்துலதான் வரும். அதனால நாலு பேருக்கு உங்களைத் தெரிஞ்சிருக்கணும்.

இவங்க ஒத்துமை எங்கேர்ந்து வந்துச்சுன்னா, அதுக்கு ஒரு கதை இருக்கு. 1880-ல இதே மேயோவுல பாலின்ரோப் பக்கம் ஒரு நிலச்சுவான்தார்கிட்ட ஏஜெண்டா இருந்தவர் சார்லஸ் பாய்காட். கேட்ட அளவுக்கு வாடகையைக் குறைக்காம குடியானவங்களை வெளியேத்தப் பார்த்தார். ஊரே அவரைத் தள்ளி வெச்சிடுச்சு. அறுப்புக்கு ஆள் இல்ல, கடையில சாமான் இல்ல. கடைசியில வெளியூர்லேர்ந்து அறுக்க வந்த 50 பேருக்குக் காவலா ஆயிரம் சிப்பாயும் போலீஸும்! 'பாய்காட்'ங்கற சொல்லே அவர் பேர்லேர்ந்து வந்ததுதான். இதுக்குப் பின்னால இருந்த லேண்ட் லீக்ங்கற குடியானவங்க சங்கம் 1879-ல காசல்பார்லதான் தொடங்குச்சு. ஸ்ட்ரெய்டு கிராமத்துல, அதைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தரான மைக்கேல் டேவிட் பேர்ல மியூசியம் இருக்கு, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க. அப்ப குடியானவங்க பக்கம் நின்ன கன்னாட் டெலிகிராஃப், 1828-ல தொடங்கின பத்திரிகை, இன்னும் வருது. நூலகத்துல உறுப்பினராகக் காசு கிடையாது. லேட்டானா அபராதமும் 2019-லேர்ந்து இல்ல.

வீடு டவுனுக்குள்ளயே பாருங்க. கிராமத்துல கதவு எண்ணும் கிடையாது, தெருப்பேரும் கிடையாது, ஏர்கோடுங்கற ஏழு எழுத்து அஞ்சல் குறியீடுதான் விலாசம். லோக்கல் லிங்க் பஸ் ஓடும், ஆனா அதை நம்பி நைட் ஷிஃப்டுக்குப் போக முடியாது. நம்ம லைசென்ஸை மாத்தித் தரமாட்டாங்க. எழுத்துத் தேர்வு, லேர்னர் பெர்மிட், பாடம், டெஸ்ட் எல்லாம் முதல்லேர்ந்து. இறங்கின வாரமே விண்ணப்பிச்சிடுங்க.

ஒண்ணு மறந்துட்டேன். 1951-ல அகில அயர்லாந்து கேலிக் கால்பந்துக் கோப்பையோட திரும்பின மேயோ பையங்க ஃபாக்ஸ்ஃபோர்டுல ஒரு சவ ஊர்வலத்துக்கு வண்டியை நிறுத்தலையாம், பாதிரியார் சாபம் விட்டாராம். கட்டுக்கதைதான். ஆனா அதுக்கப்புறம் கோப்பை வரல. பப்புல இதைக் கிண்டல் பண்ணிடாதீங்க.