வாசகர் கேள்வி, கணினி பதில்: பொது டைரக்டரியில் எதை வைக்கலாம்?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் தமிழ் நூலகத்தில் 600 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். லினக்ஸ் கணினிகள் ஏழு உள்ளன. உறுப்பினரின் பெயர், வசிக்கும் பகுதி, ஈடுபாடுள்ள துறை ஆகியவற்றை யார் வேண்டுமானாலும் பாஸ்வேர்டு இல்லாமல் தேடிப் பார்க்க டைரக்டரியை, அதாவது தேடத்தக்க பதிவேட்டை, எல்டாப் என்ற நெறிமுறைப்படி நடத்தும் ஓப்பன்எல்டாப் மென்பொருளை நிறுவியிருக்கிறோம். அடுத்து எதைக் கவனிக்க வேண்டும், ஐயா?
— வாசகர், பெங்களூரு

பதில்: முதலில் அனுமதி விதிகளைப் பாருங்கள். ஓப்பன்எல்டாப்பில் விதி எதுவும் எழுதாவிட்டால், இணைப்பவர் யாராக இருந்தாலும் எல்லாவற்றையும் படிக்கலாம் என்பதே இயல்புநிலை. பாஸ்வேர்டு பண்பும் (பண்பு என்பது பதிவில் உள்ள ஒரு தகவல் புலம்) அதில் அடங்கும். அந்தப் பண்புக்கு மட்டும், பெயரிலியாக, அதாவது உள்நுழையாமல், வருபவர் அதை உள்நுழைவுச் சோதனைக்குப் பயன்படுத்தலாமே தவிரப் படிக்கக் கூடாது என்று தனி விதி எழுதி, அதைப் பொது விதிக்கு மேலே வையுங்கள். சர்வர் விதிகளை மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும் என்பதால், வரிசை மாறினால் பூட்டு இருந்தும் கதவு திறந்தே கிடக்கும்.

ஆனால் விதிகளை மட்டும் நம்ப வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கைபேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் உள்ளே வைத்துவிட்டு விதியால் மறைப்பதைவிட, பொது சர்வரில் அவற்றை ஏற்றாமலே இருப்பது நல்லது. முழுப் பதிவேட்டை உள் கணினி ஒன்றில் வைத்துக்கொண்டு, பொதுவில் காட்டத்தக்க பண்புகளை மட்டும் ஒவ்வோர் இரவும் எல்டிஃப் (டைரக்டரிப் பதிவுகளை எழுதும் உரை வடிவம்) கோப்பாக எடுத்து, வெளியார் வாசிக்க மட்டுமே முடிகிற இரண்டாவது சர்வரில் ஏற்றுங்கள். ஒருநாள் விதியில் பிழை நேர்ந்தாலும் கசிய அங்கே எதுவும் இராது. பெயரைக் காட்டுவதற்குக்கூட ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் பெறுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒப்புதலுக்கு முக்கிய இடம் உண்டு.

ஒரு தேடலுக்கு 500 பதிவுகள் வரை தருவது இந்தச் சர்வரின் இயல்பு. அதைப் பெயரிலிகளுக்கு 20 ஆகக் குறையுங்கள். எழுத்து எழுத்தாகத் தேடிப் பட்டியலைத் திரட்டுபவரை இது முற்றிலும் தடுக்காது, தாமதப்படுத்தும். நிர்வாகி உள்நுழையும் இணைப்பு வழியில் யாரும் படிக்க முடியாதபடி எப்போதும் டிஎல்எஸ் குறியாக்கத்தோடு இருக்கட்டும். எல்டாப்பின் வழக்கமான 389ஆம் போர்ட்டில் அது தானாக வருவதில்லை.

நம் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. எல்டாப்பின் மூலமான எக்ஸ்.500 தரம் 1988இல் வெளியானது. அதிலிருந்து வந்த ‘பெர்சன்’ வகைப் பதிவில் குடும்பப் பெயர் கட்டாயம். நமக்கோ முன்னெழுத்தும் பெயரும்தான். தந்தை பெயரைக் குடும்பப் பெயராக இட்டால், தேடுபவர் மகளைத் தேடித் தந்தையைக் கண்டடைவார். ஆகவே உறுப்பினரின் சொந்தப் பெயரையே அந்த இடத்திலும் எழுதி, முன்னெழுத்துக்கு ‘இனிஷியல்ஸ்’ என்ற பண்பைப் பயன்படுத்துங்கள். முழுப்பெயர்ப் பண்பு பல மதிப்புகளை ஏற்கும். தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தரலாம். கர்நாடகத்தில் வளர்ந்து தமிழ் வாசிக்கத் தெரியாத நம் பிள்ளைகளும் தேடுவார்கள் அல்லவா?

கேள்வி: தமிழில் ஏற்றிய பெயர், கட்டளைவழித் தேடலில் புரியாத எழுத்துகளாக வருகிறதே? தரவு கெட்டுவிட்டதா?
— அதே வாசகர்

பதில்: இல்லை. எல்டிஃப் வடிவத்தில் ஆங்கிலம் அல்லாத எழுத்துகள் ஆங்கில எழுத்து, எண் முதலியவற்றால் ஆன பேஸ்64 குறியீடாக வெளிப்படும். பண்பின் பெயருக்குப் பின் இரட்டை முக்காற்புள்ளி இருப்பதே அதற்கு அடையாளம். யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில், பெயரின் தொடக்கத்தில் வரக்கூடிய தமிழ் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் முதல் இரு பைட்டுகள் ஒன்றே என்பதால், தமிழ்ப் பெயர் ஒவ்வொன்றும் அங்கே 4, கே, 6 என்றே தொடங்கும். இவ்வாறு தொடங்கினால், உங்கள் தமிழ் பழுதின்றிச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். கோப்பை ஏற்றும்போது அது யூடிஎஃப்-8 வடிவில் இருக்கிறதா என்பதை மட்டும் சரிபார்த்துவிடுங்கள். பழைய டிஸ்கி எழுத்துருவில் தட்டச்சு செய்த பட்டியல் என்றால், மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும்.