சாப்பிடப் பயப்படும் அப்பா

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு 67 வயது. சாப்பிட்டு அரை மணி நேரத்தில் நடு வயிற்றில் வலி பிடித்து, இரண்டு மணி நேரம் சுருண்டு படுத்துவிடுகிறார். எட்டு மாதத்தில் 11 கிலோ இளைத்துவிட்டார். இரண்டு எண்டோஸ்கோப்பியிலும் ஒன்றும் இல்லை. ‘மனசுதான் காரணம்’ என்கிறார்கள். வயிற்றுக்கு ரத்தம் போதாமலும் இப்படி வருமா?

பதில்: வரும். அபூர்வம்தான். உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடு போட்டது வலிக்கு அல்ல, அந்த 11 கிலோவுக்கு. அவருக்குப் பசியே இல்லையா, பசித்தும் வலிக்குப் பயந்து தட்டைத் தள்ளுகிறாரா? இரண்டாவது என்றால் என் சந்தேகம் கூடும்.

இரைப்பைக்கும் குடலுக்கும் ரத்தம் கொண்டுவருபவை மூன்று பெரிய குழாய்கள். ஒன்று சுருங்கினால் மற்றவை கிளைகள் வழியே ஈடுகட்டிவிடும். பெரும்பாலும் இரண்டாவதும் சுருங்கிய பிறகுதான் வலி தலைகாட்டும். சாப்பிட்டதும் ஜீரணத்துக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும். அது வராததால்தான் வலி. மாடி ஏறினால் சிலருக்கு நெஞ்சு வலிக்கிறதே, அதே கதை. எண்டோஸ்கோப்பி உள்சுவரைத்தான் காட்டும், ரத்தக் குழாயை அல்ல. நானே ஓர் அம்மாவுக்கு ஆறாத அல்சர் என்று மாதக்கணக்கில் மாத்திரையை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். காரணம் குழாயில் இருந்தது.

முதலில் வெறும் வயிற்றில் டாப்ளர் ஸ்கேன், அதாவது ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன். வாயு மறைத்தால் சரியாகத் தெரியாது. உறுதியாகச் சொல்வது சி.டி. ஆஞ்சியோகிராம், அதாவது மருந்து ஏற்றி ரத்தக் குழாய்களைப் படமெடுப்பது; அதற்கு முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். ஒரே ஒரு குழாயில் சுருக்கம் என்று ரிப்போர்ட் வந்தால் உடனே ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் வலைச் சுருள்) என்று ஓடாதீர்கள். வயதானவர்களுக்கு வலியே இல்லாமலும் அப்படி இருப்பதுண்டு.

நோய் இதுதான் என்றானால், தொடை இடுக்கு அல்லது கை வழியாக ஸ்டென்ட் வைப்பார்கள், முடியாதவர்களுக்கு பைபாஸ், அதாவது அடைப்பைத் தாண்டி ரத்தத்துக்கு மாற்றுவழி போடும் ஆபரேஷன். ஸ்டென்ட் மறுபடி சுருங்கலாம், அதனால் அவ்வப்போது ஸ்கேன் தேவைப்படும். ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை எல்லாம் டாக்டர் எழுதித் தந்தால்தான். அப்பா சிகரெட் பிடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடித்தால் இன்றே நிறுத்தட்டும். சிகிச்சை முடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாகச் சாப்பிடட்டும்.

திடீரென்று தாங்கமுடியாத வலி வந்தால் அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். நேரே அவசரப் பிரிவுக்குப் போய், ‘குடல் ரத்தக் குழாய் அடைப்போ என்று சந்தேகம்’ என்பதை முதலில் சொல்லுங்கள். ஆரம்பத்தில் வயிறு தொட்டால் மெத்தென்றே இருக்கலாம்; அதைப் பார்த்து ‘வாயு’ என்று நினைத்துவிடக்கூடும்.