கட்டியின் அளவா, அது இருக்கும் இடமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் டெய்லராக இருக்கிறேன், வயது 42, இரண்டு பிள்ளைகள். ஒரு வருடமாக மாதவிலக்கு எட்டு, ஒன்பது நாள்கள் நீடிக்கிறது. முதல் மூன்று நாள்கள் கட்டி கட்டியாகப் போவதால் ஷிப்டில் உட்கார முடிவதில்லை. ஸ்கேனில் கர்ப்பப்பையில் 4 செ.மீ. ஃபைப்ராய்டு கட்டி தெரிகிறது; ஹீமோகுளோபின் 8.2. “பிள்ளை பெற்றாயிற்று, இனி அந்தப் பை எதற்கு? எடுத்துவிட்டால் புற்றுநோய்ப் பயமும் தீரும்” என்கிறார் மாமியார். எடுத்துவிடலாமா, டாக்டர் அம்மா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: புற்றுநோய்ப் பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடுங்கள். கர்ப்பப்பைத் தசையில் வளரும் ஃபைப்ராய்டு புற்றுநோயாக இருப்பது மிக மிக அரிது; மாதவிடாய் நின்றபின் அது பெரும்பாலும் தானே சுருங்கிவிடும்.

ரிப்போர்ட்டில் 4 செ.மீ. என்ற எண்ணைவிட, கட்டி எங்கே இருக்கிறது என்று சொல்லும் வரியே முக்கியம். உட்குழிக்குள் துருத்தி நிற்கும் 2 செ.மீ. கட்டி ஒரு பெண்ணை ரத்தசோகையில் தள்ளிவிடும். வெளிச்சுவரில் இருக்கும் 6 செ.மீ. கட்டியோ ஆண்டுக்கணக்கில் தொல்லை தராமல் இருந்து, வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியவரும். உட்குழிக் கட்டியாக இருந்தால், வயிற்றைக் கீறாமல் ஹிஸ்டரோஸ்கோப்பி (பிறப்புறுப்பு வழியாகக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் மெல்லிய கேமராக் குழாய்) வழியாக அதை மட்டும் அகற்றலாம். தசைச்சுவருக்குள் இருந்து, உட்குழியின் வடிவத்தைக் கெடுக்காமல் இருந்தால், லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோனைச் சிறிது சிறிதாக வெளியிடும் கருப்பைச் சாதனத்தைப் பொருத்திக்கொள்ளலாம். முதல் சில மாதங்கள் திட்டுத்திட்டாக ரத்தம் பட்டாலும், ஐந்து ஆண்டுகள் வரை ரத்தப்போக்கு பெரிதும் குறைந்திருக்கும். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமில மாத்திரை, போக்கு உள்ள நாள்களுக்கு மட்டுமே உரியது; கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு ஆகாது. தைராய்டு பரிசோதனையோடு, உங்கள் வயதில் கர்ப்பப்பை உட்சுவரிலிருந்து சிறு திசு எடுத்துச் சோதிக்கவேண்டுமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் 8.2 உயர்ந்தாகவேண்டும், அறுவை சிகிச்சைக்கும் அதுவே முதல் படி. இரும்புச்சத்து மாத்திரையைக் கம்பெனி டீயோடு சேர்த்து விழுங்குபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். டீ அந்தச் சத்தை உடலில் சேரவிடாது. ஒன்றிரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மேலும் மூன்று மாதங்கள் தொடருங்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் ஊசி வழியாக ஏற்றலாம்.

இவையெல்லாம் பலிக்காமல் போய், அல்லது எல்லாம் தெரிந்தபின் நீங்களே விரும்பி, கர்ப்பப்பையை எடுப்பதில் தவறில்லை. பெரும்பாலும் ஆறு வாரம் வேலைக்குப் போக இயலாது என்பதையும் கணக்கில் வையுங்கள். ஆனால் கையெழுத்திடும் முன், சினைப்பைகளையும் சேர்த்து எடுக்கப்போகிறார்களா, ஏன் என்று கேளுங்கள். தக்க காரணமின்றி 42 வயதில் அவற்றை இழந்தால் மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொல்லைகள் ஒரே நாளில் வந்துசேரும். எலும்பும் இதயமும் பாதிக்கப்படலாம்.

தீபாவளி போனஸ் வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, எழும்போது தலை சுற்றினாலோ, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.