செட் மாத்திரையும் சிவப்புக் கோடும்

கேள்வி: எங்கள் கிராமத்தில் காய்ச்சல், சளி எதுவானாலும் மருந்துக்கடையில் பல மாத்திரைகளைச் சேர்த்துத் தரும் ‘செட் மாத்திரை’ வாங்கித்தான் விழுங்குகிறார்கள். மகளிர் குழுக் கூட்டத்தில் ஆன்டிபயாடிக் பற்றிப் பேச எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். எதைச் சொன்னால் மனதில் நிற்கும்?

பதில்: கண்டிக்கும் தொனியில் தொடங்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்று திரும்பினால் அன்றைய கூலி போய்விடும் என்பதால்தான் அவர்கள் கடைக்குப் போகிறார்கள். அதை ஒப்புக்கொண்டுவிட்டுப் பேசினால்தான் காதில் ஏறும்.

ஆன்டிபயாடிக் மாத்திரை அட்டை ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்று, அதன் பின்புறம் ஓடும் சிவப்புக் கோட்டைக் காட்டுங்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாத மருந்து என்பதற்கு அதுவே அடையாளம். 2016இல் மத்திய அரசு இதற்கெனப் பிரசாரமே நடத்தியது. செட் மாத்திரையின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது: கத்தரித்துக் காகித உறையில் போட்டுத் தரும்போது கோடும் பெயரும் காலாவதித் தேதியும் கடையிலேயே தங்கிவிட, வீட்டுக்கு வருவது வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று என்ற கணக்கு மட்டுமே. அதில் ஸ்டீராய்டும் கலந்திருந்தால் காய்ச்சல் சட்டென்று அடங்கியதுபோல் தோன்றும். கடைக்காரருக்குக் ‘கைராசி’ என்ற பெயரும் கிடைத்துவிடும். ஆகவே, “அட்டையோடு கொடுங்கள், பில் போடுங்கள்” என்று கேட்கப் பழக்குவதே முதல் பாடம்.

கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகும் ‘மருந்து எதிர்ப்புத்திறனை’ விளக்கக் கிருமியின் படம் தேவையில்லை. பருத்தி போட்டவர்களிடம், ஒரே பூச்சிமருந்தை ஆண்டுக்கணக்கில் அடித்த பிறகு காய்ப்புழு என்ன ஆனது என்று கேளுங்கள். தப்பிய புழுக்களே பெருகி, மருந்து வெறும் தண்ணீராகிப்போன கதையை அவர்களே சொல்வார்கள். உடம்புக்குள் கிருமிகளிடமும் நடப்பது அதுதான்.

ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியா கிருமிக்கான மருந்து; சாதாரண சளிக்கும் பெரும்பாலான வயிற்றுப்போக்குக்கும் வைரஸ்தான் காரணம் என்பதால் அங்கே அது வேலை செய்யாது. குழந்தையின் வயிற்றுப்போக்குக்கு வேண்டியது ஓ.ஆர்.எஸ். கரைசலும் துத்தநாக மாத்திரையும். ஆனால், ஆன்டிபயாடிக் என்றாலே ஆபத்து என்ற பயத்தையும் ஊட்டிவிடாதீர்கள். குழந்தை வேகமாக மூச்சு வாங்கினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே ஆன்டிபயாடிக் எழுதினால் சொன்ன நாள்வரை கொடுக்க வேண்டும். இரண்டு நாளில் தேறிவிட்டது என்று நிறுத்தி, மிச்சத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தரக் கூடாது.

கறவை மாடு வைத்திருப்பவர்களிடம் கூடுதலாக ஒன்று சொல்லுங்கள்: மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் போட்ட மாட்டின் பாலை, கால்நடை மருத்துவர் குறிப்பிடும் நாள்வரை சொசைட்டியில் ஊற்றவும் கூடாது, வீட்டில் காய்ச்சவும் கூடாது.