உட்கார முடியாதவர் எழுதுவது எப்படி?

பினாங்கில் வேலை, இரண்டு பிள்ளைகள், மேசையில் அரை மணிநேரம் உட்கார முடியவில்லை, நாவல் பாதியில் நிற்கிறது, வீட்டிலும் மனத்தாங்கல் என்று கேட்டிருக்கிறீர்கள். உட்காரப் பழகுங்கள் என்று சொல்ல மாட்டேன். நடந்துகொண்டே எழுதுங்கள், படியெடுக்க மட்டும் உட்கார்ந்தால் போதும்.

தண்ணீர்மலைக் கோயிலைத் தாண்டினால் தாவரவியல் பூங்கா. காலையில் அரை மணி நடை. முதல் பத்து நிமிடம் கைப்பேசியைத் தொடாதீர்கள்; கார் தவணை, பிள்ளையின் டியூஷன் என்று ஓடுகிற நினைப்பெல்லாம் அதற்குள் கொஞ்சம் அடங்கும். பிறகு ஒரே ஒரு காட்சியைக் குரல் பதிவாகப் பேசுங்கள். ஒரு பதிவு இரண்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், நீண்டால் இரவில் திரும்பக் கேட்க மனம் வராது. பூங்கா வாசலிலிருந்து பினாங்கு மலைக்குப் போகும் ஜீப் பாதை சுமார் 5 கிலோமீட்டர், நல்ல ஏற்றம். அங்கே பேசினால் மூச்சிரைப்புதான் பதிவாகும். சமதளத்தில் பேசுங்கள், ஏறும்போது சும்மா ஏறுங்கள். கையில் பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம், குரங்கு பிடுங்கிவிடும். நாசி லெமாக் சோறு போனால் போகட்டும், அதே பையில் எழுதும் நோட்டும் இருந்தால்?

படியெடுப்பது அன்றிரவே நடக்க வேண்டும், இருபது நிமிடம். பேச்சை எழுத்தாக்கும் வசதியை முழுதாக நம்ப முடியாது: முற்றுப்புள்ளி விட்டுப்போகும், 'பாசார் மாலாம்', 'தாமான்' என்று நாம் மலாய் கலந்து பேசுவது வேறு ஏதோவாக வரும். கையால் எழுதினால் முதல் திருத்தமும் கூடவே முடிந்துவிடும். நிறுத்தும்போது வாக்கியத்தைப் பாதியில் விடுங்கள். கதையில் அடுத்துப் பேசப்போவது யார், எதை மறைக்கிறார் என்று கீழே இரண்டு வரி. வெற்றுத் தாளைப் பார்த்தால்தான் உட்கார முடியாதவர்கள் எழுந்து ஓடுவார்கள்.

பெரிய வியாதி புதுக்கதை ஆசை. நாவல் மூன்றில் ஒரு பங்கு வந்ததும் அது தலைதூக்கும், ஏனென்றால் தொடக்கத்தின் ருசி தீர்ந்திருக்கும், முடிவு கண்ணில் பட்டிருக்காது. ஐந்து வரி தனி நோட்டில் எழுதி மூடுங்கள். கையிலுள்ள அத்தியாயம் முடியும்வரை திறக்காதீர்கள். அப்போது படித்தால் பாதிக்கு மேல் சப்பென்று இருக்கும்.

வீட்டில் "கொஞ்ச நேரம்" என்று சொல்லாதீர்கள், "ஒன்பதரைக்கு முடிப்பேன்" என்று சொல்லுங்கள். நன்றாக ஓடினாலும் ஒன்பதரைக்கு மூடிவிட வேண்டும். எழுதுகிற நேரத்தைவிட, சாப்பாட்டு மேசையில் ஆள் இருந்து நினைப்பு கதையில் இருப்பதுதான் வீட்டாருக்கு எரிச்சல். அதனால் சாப்பிடப் போகுமுன் தலையில் உள்ளதை நான்கு சொல்லில் குறித்துவிடுங்கள். இன்னொன்று, வீட்டு விஷயத்தைக் கதையில் வைப்பதற்குமுன் கேட்டுவிடுங்கள். பெயரையும் ஊரையும் மாற்றினால் போதாது. அத்தை வழக்கமாகச் சொல்லும் ஒரு சொல்லே காட்டிக்கொடுத்துவிடும், இங்கே தமிழர் வட்டம் சின்னது.

ஓய்வுநாளில் நோட்டு வீட்டிலேயே இருக்கட்டும். பிள்ளைகளோடு ஃபெர்ரியில் பட்டர்வொர்த் போய்த் திரும்பலாம். 2023-இல் வந்த புதுப் படகுகளில் ஏர்கான் உண்டு. பழைய ஃபெர்ரியின் காற்று இல்லையே என்பது நம் குறை, பிள்ளைகளுக்கு அது தெரியாது. அன்று பார்த்தது மறந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். நாம் கட்டும் வாக்கியம்தான் தங்காது, கண்ணால் கண்டது தங்கும்.

செப்டம்பர், அக்டோபர் மழைக்குப் பூங்கா உதவாது. லிட்டல் இந்தியா பக்கம் அஞ்சடியிலேயே, அதாவது கடைகளின் முன்னால் கூரைக்குக் கீழே ஓடும் நடைபாதையிலேயே, நடக்கலாம். ஆனால் கடைப் பாட்டுச் சத்தத்தில் குரல் பதிவு எடுபடாது, அங்கே மட்டும் சட்டைப்பைக்குள் அடங்கும் சின்ன நோட்டும் பென்சிலும். ஈரக் கைபட்டால் பேனா மை கரைந்துவிடும்.