கார்டின் பின்பக்கம் காலியாக இருக்கட்டும்

கேள்வி: வணக்கம் அக்கா. கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் படித்தவள் நான், நீர்வண்ணத்தில் கோயில் தெருக்கள் வரைகிறேன். வரும் ஜனவரியில் பெங்களூரு சித்ர சந்தேயில் முதல்முறையாகக் கடை போடுகிறேன். விசிட்டிங் கார்டு ஆயிரம் அடித்தால்தான் மலிவு என்கிறார் அச்சகக்காரர். எப்படி அடிப்பது, யாருக்குக் கொடுப்பது? இன்ஸ்டாகிராம் இருக்கும்போது கார்டு தேவையா?

பதில்: தேவைதான், சித்ர சந்தேக்குக் கட்டாயம் தேவை. குமார கிருபா சாலையின் இரண்டு ஓரமும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியர்கள் ஒரே நாளில் படம் பரப்பும் இடம் அது. காலையில் உங்கள் படத்தின் முன் பத்து நிமிடம் நின்றவர் “ஒரு சுற்று பார்த்துவிட்டு வருகிறேன்” என்று போவார், அவருக்கு மனசு இருந்தாலும் அந்தக் கூட்டத்தில் திரும்ப உங்களைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ராத்திரி வீட்டில் பையைக் கொட்டினால் முப்பது நாற்பது கார்டு விழும். எல்லாவற்றிலும் ஒரு பெயர், ஒரு தூரிகை, ஒரு நம்பர். உங்கள் பெயர் அவருக்கு நினைவிருக்காது, படம் இருக்கும். அதனால் ஒரு பக்கம் முழுக்க உங்கள் படத்தையே போடுங்கள், பெயர்கூட அந்தப் பக்கம் வேண்டாம்.

முழுப் படத்தையும் சுருக்கிவிடாதீர்கள். கார்டு மூன்றரைக்கு இரண்டு அங்குலம்தான், 15க்கு 11 அங்குலத்தில் வரைந்த தெருவை அதற்குள் அடக்கினால் கோபுரமும் ஆளும் மாடும் சேர்ந்து ஒரே கறையாகிவிடும். ஒரு துண்டை மட்டும் எடுங்கள்: திண்ணையில் விழுந்த வெயில், ஒரு பூக்கூடை, அவ்வளவு போதும். வெட்டும் கோட்டைத் தாண்டி நாலு பக்கமும் படம் 3 மி.மீ. கூடுதலாக நீளும்படி கொடுத்தால் வெட்டும்போது வெள்ளை ஓரம் எட்டிப் பார்க்காது. அப்புறம் நிறம். என் முதல் கார்டில் திரையில் பளிச்சென்று இருந்த நீலம் அச்சில் சாம்பல் பூத்து வந்தது, ஐந்நூறு கார்டும் அப்படியே. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சகம் நாலு மையைக் கலந்து காட்டுகிறது, சில நீலங்களும் பச்சைகளும் அந்த மைக்குள் வரவே வராது. ஒரே ஒரு கார்டு மாதிரி அடித்து, அசல் படத்தின் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் சரி என்று சொல்லுங்கள்.

ஆயிரம் வேண்டாம். ஆஃப்செட் அச்சில் எத்தனை அடித்தாலும் பிளேட் (அச்சுத் தகடு) செலவு ஒன்றுதான் என்பதால் அதிகம் அடித்தால் ஒரு கார்டின் விலை குறையும், உண்மைதான், ஆனால் நம்பர் மாறினால் மிச்சம் அத்தனையும் வீண். டிஜிட்டல் அச்சில் நாலு படத்துண்டு, ஒவ்வொன்றிலும் ஐம்பது அடியுங்கள். நாலையும் விரித்து “பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள், எடுப்பவர் நிதானமாக ஒரு நிமிடம் நிற்பார், அவராகத் தேர்ந்தெடுத்த கார்டைத் தூக்கிப் போட அவருக்கு மனசு வராது.

பின்பக்கம் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர், ‘நீர்வண்ண ஓவியர்’ என்ற ஒரு வரி, வாட்ஸ்அப் நம்பர், இன்ஸ்டாகிராம் பெயர். வீட்டு முகவரி வேண்டவே வேண்டாம், ஊர் பெயர் போதும். க்யூஆர் போட்டால் வெள்ளைப் பின்னணியில் 2 செ.மீ.க்குக் குறையாமல் போடுங்கள், இலவசமாகத் தரும் சில தளங்களின் க்யூஆர் கொஞ்ச நாளில் செயலிழந்துவிடும் என்பதால் உங்கள் பக்கத்தின் முகவரியையே நேரடியாக அதில் பதியுங்கள். மீதி இடம் காலியாக இருக்கட்டும். அந்தப் பக்கத்துக்கு லேமினேஷன் கூடாது, பளபளப்பு ஏறினால் பால்பாயின்ட் வழுக்கும், அந்த இடம் நீங்கள் எழுதுவதற்கு.

கார்டை மேஜையில் அடுக்கி வைத்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் எடுத்துப் போவார்கள், பலன் இருக்காது. ஒருவர் ஒரு படத்தைக் காட்டி விலை கேட்கட்டும், அப்போது பின்பக்கம் அந்தப் படத்தின் பெயர், அளவு, விலை, தேதி எழுதி அவர் கையில் கொடுங்கள். கையோடு “உங்கள் நம்பர் தரலாமா, இந்தப் படத்தை அனுப்புகிறேன்” என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அன்று ராத்திரியே அந்த ஒரு படத்தை மட்டும் அனுப்புங்கள், காலை வணக்கமும் பண்டிகை வாழ்த்தும் அனுப்பாதீர்கள். விற்ற படத்தின் ஃப்ரேம் பின்னட்டையில் ஒரு கார்டு ஒட்டுங்கள், ஓவியத் தாளின் மேல் பசை படக் கூடாது. வீட்டுக்கு வரும் விருந்தாளி “இது யார் வரைந்தது?” என்று கேட்கும்போது படத்தை வாங்கியவர் அதைத் திருப்பிப் பார்ப்பார். ஊரில் உங்களுக்குத் தெரிந்த ஃப்ரேம் கடையிலும் பத்துக் கார்டு கொடுத்து வையுங்கள், சுவரில் படம் மாட்ட நினைப்பவர்கள்தான் அங்கே வருகிறார்கள்.

கேள்வி: தஞ்சாவூர் ஓவியம் செய்கிறேன் அக்கா. கார்டில் தங்க ஃபாயில் அடித்தால் எடுப்பாக இருக்குமா?

பதில்: எடுப்பாக இருக்கும் தம்பி, ஆனால் வேண்டாம். தஞ்சாவூர் ஓவியம் வாங்க வருபவருக்கு முதல் சந்தேகமே தங்கம் அசலா என்பதுதான், அவர் கையில் போலித் தங்கம் மினுங்கும் கார்டை ஏன் கொடுக்க வேண்டும்? நீங்கள் ஒட்டுவது 22 காரட் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) என்றால் அதைக் கார்டில் ஒரு வரியாகவே எழுதிவிடுங்கள். படம் எடுக்கும்போது ஃப்ளாஷ் அடிக்காமல், ஜன்னல் பக்கமாகச் சாய்த்து வைத்து, வெளிச்சம் ஓரத்திலிருந்து விழும்படி எடுங்கள், சுண்ணப் பூச்சின் மேடு பள்ளமும் கல் பதித்த இடத்தின் நிழலும் அதில்தான் தெரியும்.